இடது கண்

எனக்குக் கண் வரையத் தெரியவில்லை என்று பரத்வாஜ் சார் சொன்னார். எனக்கு! விருத்தாசலத்தில் பொம்மை கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து கண் எழுதுவதைத் தவிர வேறு வேலையே பார்க்காத எனக்கு! உங்கள் வீட்டுக் கொலுவில் பீங்கான் பொம்மை இருந்தால் எடுத்துப் பாருங்கள். கிருஷ்ணனோ, செட்டியாரோ, கல்யாண செட்டில் தவில்காரரோ, உங்களைப் பார்க்கிற அந்தக் கண் நான் எழுதியதாக இருக்கலாம். மேலே ஒரு இழுப்பு, கீழே ஒரு இழுப்பு, நடுவில் ஒரு பொட்டு. இழுத்த மூச்சை விடுவதற்குள் முடித்துவிடுவேன்.

"மேடம், நீங்க வரையறது கண்ணு இல்ல. பொம்மைக் கண்ணு," என்றார் சார்.

சார் என்றதும் தலை நரைத்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். என் மகள் பூர்ணிமாவைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும், அவ்வளவுதான். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்து, ஜங்ஷன் ரோட்டில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர்களுக்கு மட்டும் வகுப்பு எடுக்கிறார். முதலில் பென்சில், அப்புறம் பெயின்ட், கடைசியில் அச்சு. ரிட்டயர் ஆன தாசில்தார், வீட்டில் சும்மா இருக்க முடியாத டாக்டர் வீட்டம்மா, நான். மற்றவர்கள் பொழுதுபோக்குக்கு வந்தார்கள். நான் ஒரு சண்டையில் ஜெயிப்பதற்காக வந்தேன்.

சண்டை என் வீட்டுக்காரரோடு. பூவராகன் என்று பெயர். ஸ்ரீமுஷ்ணம் போகிற பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவர் குரல் கொடுத்தால் பாலக்கரையில் டீ குடித்துக்கொண்டிருப்பவன்கூட டம்ளரை வைத்துவிட்டு ஓடிவந்து ஏறுவான். அப்படிப்பட்டவருக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாகத் தானாக ஒழுகியது. முகவாதம். மருந்து, மாத்திரை, கரண்ட் வைத்தியம் எல்லாம் பார்த்து முக்கால்வாசி சரியானது. ஆனால் வாய் கொஞ்சம் வலது பக்கம் இழுத்துக்கொண்டதும், இடது கண் சின்னதாகிப் போனதும் அப்படியே நின்றுவிட்டன.

பார்க்கிறவர்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை. அவருக்குத்தான் உலகமே கோணிப் போய்விட்டது. பஸ் வேலையை விட்டார். ஓர் உரக்கடையின் பின்கட்டில் உட்கார்ந்து பில் போடுகிறார். கல்யாணத்துக்குப் போனால் நேராகப் பந்திக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக வந்துவிடுவார். யாராவது போனைத் தூக்கினால் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பூர்ணிமாவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவானதும், இந்த மனுஷன் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"தாரை வாத்துக் குடுக்க ஆனந்தராஜும் அவன் பொண்டாட்டியும் ஒக்காரட்டும்," என்றார். ஆனந்தராஜ் அவருடைய தம்பி.

"பெத்தவங்க நாம குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவங்க எதுக்கு?"

"மேடைக்கு வந்தா வீடியோகாரன் மூஞ்சிக்கு நேரா லைட்டப் புடிப்பான். என்னால முடியாது."

"அப்ப நானு?"

"நீ பந்தியப் பாத்துக்க."

பெற்று வளர்த்த பெண்ணைத் தாரை வார்க்கும்போது நான் சாம்பார் வாளியோடு நிற்க வேண்டுமாம்! வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். "நீங்க நெனக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல, ஒரே ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க," என்று கெஞ்சியும் பார்த்தேன். "போட்டோ கீட்டோ வேணாம். வேணும்னா நீ வரைஞ்சுக்க, அதான் கண்ணு எழுதத் தெரியுமே," என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். என் வாயை மூடுவதற்காகச் சொன்னது அது. நான் அதையே பிடித்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறே போய் வகுப்பில் சேர்ந்தேன். அவர் முகத்தை உள்ளபடி வரைந்து கையில் கொடுத்தால், அதை அவர் ஒரு தடவை நிதானமாகப் பார்த்துவிட்டால், பயம் போய் மேடைக்கு வந்துவிடுவார் என்பது என் கணக்கு.

கணக்குப் போடுவது சுலபம். கை ஒத்துழைக்க வேண்டுமே. கத்தரிக்காய், பித்தளைச் சொம்பு, நாற்காலி என்று ஒவ்வொன்றாக வரையச் சொன்னார்கள். ஓரளவு வந்தது. முகம் என்று வந்ததும் எல்லாம் போச்சு. சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் அவரைக் கட்டிலில் உட்கார வைத்து வரைந்தேன். உட்கார்ந்தார், அதுவரைக்கும் நல்ல மனுஷன்தான். முடித்து, பெங்களூரில் இருக்கிற பூர்ணிமாவுக்கு வீடியோ காலில் காட்டினேன்.

"அம்மா, இது அப்பாவா, கொலுச் செட்டியாரா?" என்று சிரித்தாள்.

அவருக்கு மட்டும் ரொம்பப் பிடித்திருந்தது. "நல்லாத்தான இருக்குது? ரெண்டு கண்ணும் ஒண்ணா இருக்குது. மாட்டி வையி," என்றார். அந்தப் படத்தை நாலாகக் கிழித்தேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கண் சின்னதாக விழுந்துவிட்டால் சூப்பர்வைசர் அந்தப் பொம்மையை எடுத்துத் தனிக் கூடையில் போட்டுவிடுவார். செகண்ட்ஸ். ரோட்டோரக் கடையில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். என் பொம்மை அந்தக் கூடைக்குப் போனது அபூர்வம். அதில் எனக்கு எவ்வளவு கர்வம் தெரியுமா? அந்தக் கர்வம்தான் இப்போது என் கழுத்தைப் பிடித்தது. இடது கண்ணைச் சின்னதாகத்தான் ஆரம்பிப்பேன். தாளிலிருந்து பென்சிலை எடுப்பதற்குள் அது தானாகப் பெரிதாகி வலது கண்ணுக்கு ஜோடியாக உட்கார்ந்திருக்கும். அழித்து அழித்துத் தாள் ஓட்டையானதுதான் மிச்சம்.

"தெரிஞ்சத வரையாதீங்க மேடம். பாக்குறத வரைங்க," என்றார் சார்.

"பாத்துக்கிட்டுத்தான சார் இருக்கேன்! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வேற என்னாத்தப் பாத்தேன்?" என்று கத்திவிட்டேன். தாசில்தார் சிரித்தார். டாக்டர் வீட்டம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஆத்திரம் தாங்காமல் பென்சிலை இடது கைக்கு மாற்றினேன். வலது கைதானே துரோகம் செய்கிறது? இடது கை ஒரு பொம்மையையும் தொட்டதில்லை. கோடு நடுங்கியது, வளைந்தது, பல்லி மாதிரி அங்கேயும் இங்கேயும் ஓடியது. ஆனால் வந்துவிட்டார். இழுத்த வாய், சின்னக் கண், நெற்றிச் சுருக்கம், பஸ் படிக்கட்டில் காற்று வாங்கி வாங்கி முன்னாடி வழுக்கையாகிப் போன தலை. என் வீட்டுக்காரரேதான். சந்தோஷத்தில் எழுந்து ஓடிப் போய் அவர் மடியில் வைத்தேன்.

பார்த்தார். தாளைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

"இது நான் இல்ல."

"பின்ன யாருங்க? பக்கத்து வூட்டுக்காரரா?"

"என் மூஞ்சி எனக்குத் தெரியாதா? தெனம் கண்ணாடி பாக்குறேன். இவ்ளோ கோணலா இல்ல. நீ வேணும்னே போட்டிருக்க."

ராத்திரி சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாள் வாசலில் நின்று தம்பிக்குப் போன் போட்டு, மேடைக்குப் பட்டு வேட்டி எடுத்துவிடு என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். அவரைச் சரிப்படுத்தப் போய் இருந்ததையும் கெடுத்துவிட்டேன். பென்சிலையும் தாளையும் அடுப்பில் போட்டுவிடலாமா என்று இருந்தது.

இருந்தும் வகுப்புக்குப் போனேன். வேறு எங்கே போவது? அச்சு வேலை ஆரம்பித்திருந்தது. செருப்புக்கடை ரப்பர் மாதிரி ஒரு லினோ ஷீட்டு. அதில் படத்தை உளியால் வெட்டி, மை தடவி, மேலே தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்க்க வேண்டும். இதன் விவரமெல்லாம் சார் சொன்ன ஞாயிறு நான் இல்லை, லாரி ஏற்ற வேண்டும் என்று கம்பெனியில் கூப்பிட்டுவிட்டார்கள். அதனால் என்ன, எனக்குத் தெரியாததா? எங்கள் கம்பெனியில் ஒரு பொம்மையை வைத்து மோல்டு எடுத்தால், அந்த மோல்டிலிருந்து அதே பொம்மைதான் வரும். கை மாறாது, கால் மாறாது. அதே நினைப்பில், அவர் கவிழ்த்து வைத்த படத்தைப் பார்த்து அப்படியே வெட்டினேன். கட்டைவிரலில் கொப்புளம் வந்தது. விடவில்லை.

மை தடவித் தேய்த்துத் தாளை உரித்தேன். சின்னக் கண் இடம் மாறியிருந்தது. வாய் அந்தப் பக்கத்துக்குப் பதிலாக இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

"அடடா, மேடம், படத்தைத் திருப்பிப் போட்டு வெட்டணும்னு அன்னைக்கே சொன்னனே. நீங்க வரலியோ? அச்சுல இடம் வலமாயிடும்," என்றார் சார். "பரவால்ல, வேற ஷீட்டு தரேன். முதல்லேர்ந்து வெட்டிடுங்க."

முதலிலிருந்து! இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால் அந்த உளியாலேயே ஒரு வழி பண்ணியிருப்பேன். வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டு, மை காயாத தாளை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தேன். ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்கா இது?" என்று கேட்டாள். தாளை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

வீட்டில் அவர் தோட்டத்துக் குழாயடியில் நின்று, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்து ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை.

"என்னாது கையில? காட்டு."

"ஒண்ணும் இல்ல. தப்பாப் போச்சி. எனக்கு எதுவும் வராது, வுடுங்க. நான் போயி பந்தியே பாத்துக்குறேன்."

ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டுத் தாளை ஓரத்தில் பிடித்து வாங்கினார். பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். நான் சண்டைக்குத் தயாராக இடுப்பில் கை வைத்து நின்றேன்.

"இதுதான் நானு," என்றார்.

"ஐயோ, அது தப்புங்க! சின்னக் கண்ணு எடம் மாறிக் கெடக்குது. சாரே தப்புன்னுட்டாரு."

"அவருக்கு என்னா தெரியும்? தெனம் காலையில இந்த ஆளத்தான் பாக்குறேன்." தாளைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். "நீயே பாரு."

அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் இருந்த முகத்திலும் சின்னக் கண் அச்சில் இருந்த அதே பக்கம்தான் இருந்தது. வாயும் அப்படியே. மூன்று வருஷமாக இந்த மனுஷன் பார்த்துக்கொண்டிருந்தது நான் பார்க்காத முகம். நான் வரைந்து நீட்டியது அவர் ஒரு தடவைகூடப் பார்க்காத முகம். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. உயிரைக் கொடுத்து வரைந்ததைக் கவிழ்த்து வைத்தவர், தப்பாகப் போனதைப் போய்க் கொண்டாடுகிறாரே!

துணி க்ளிப்பால் அச்சைக் கொடியில் மாட்டினார்.

"அன்னைக்கு வரைஞ்சியே, அது எங்க?"

"எதுக்கு? கிழிக்கறதுக்கா?"

"எடுத்துக்கிட்டு வாயேன்."

கொண்டு வந்து கொடுத்தேன். அதையும் பக்கத்திலேயே மாட்டினார். காற்றில் இரண்டும் லேசாக ஆடின. சோப்பு காய்ந்து கன்னத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. அவர் கவனிக்கவில்லை.

"அப்ப ஊருக்குத் தெரியறது இந்த மூஞ்சியா?" என்று பென்சில் படத்தைக் காட்டிக் கேட்டார்.

"ஆமாங்க."

"நீ தெனம் பாக்குறதும்?"

"அதேதான். அதப் பாத்துக்கிட்டுத்தான் சோறு போடுறேன், சண்டையும் போடுறேன்."

சின்னக் கண்ணைத் தாளின்மேல் விரலால் தொட்டார். பென்சில் கரி விரலில் ஒட்டியது.

"அவ்ளோ மோசமா இல்லியே," என்றார்.

மூன்று வருஷமாக வாய் வலிக்க வலிக்க இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்! அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். பனியனில் அச்சு மை போகாத என் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தது. அவர் திட்டவில்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பி, மிச்சக் கன்னத்துக்குத் தண்ணீர் தொட்டு மறுபடியும் சோப்புப் போட்டார்.

"ஆனந்தராஜுக்குப் போனப் போடு," என்றார்.

"எதுக்கு?"

"அந்தப் பட்டு வேட்டிய வூட்டுல கொண்டாந்து குடுத்துடச் சொல்லு. அவன் பந்தியப் பாத்துக்கட்டும்."