சம்பத்தின் இடது இமை

மாமல்லபுரத்தில் சம்பத் மீன் எடுக்கும் கரையில், வியாபாரிகள் வாயைத் திறந்து விலை கேட்பதில்லை. ஏலம் கூவும் ஜெசிந்தா விலையை ஏற்றிக்கொண்டே போவாள்; வேண்டுமென்பவர் இடது கண்ணை மூடிக்கொள்வார். திறந்தால் விலகிக்கொண்டார் என்று அர்த்தம்.

ஓட்டல்களுக்கு மீன் எடுக்கும் சம்பத்துக்கு ஒரு நாள் இடது இமை தானாக விழுந்தது. முதலில் ஒரு கூடை காரப்பொடி மீன் அவருக்கு வந்தது. அப்புறம் மத்தி, அப்புறம் அவரைவிட நீளமான ஒரு சுறா. கடைசியில் ஏலத்துக்கு வந்த ஒரு பழைய படகும் அவர் தலையில் விழுந்தது. அதில் இரண்டு பேர் நாஸ்தா தின்றுகொண்டிருந்தார்கள் என்று ஊரில் சொல்வது மிகை. ஒருவன்தான் இருந்தான்.

பெரியவர்கள் கூடிப் படகைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். கண் சரியாகும்வரை ஏலத்தில் நிற்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். சம்பத்துக்கு வேறு தொழில் தெரியாது. அவர் மனைவி கன்னியம்மா, இது பக்கவாதம்தான் என்று அவரை அப்படியே ஆட்டோவில் ஏற்றினாள். சுறாவை முழுசாக விட்டுவர மனமில்லாமல் அவர் அதன் தலையை வெட்டிவைத்த ஐஸ் பெட்டியையும் தூக்கிக்கொண்டார்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் வைஷாலி இருந்தாள். பக்கவாதம் என்று வருகிறவர்களில், உண்மையில் தன் உடம்பே தன் நரம்போடு சண்டை போடுகிறவர்கள் யார் என்று கண்டுபிடிப்பது அவளுடைய ஆராய்ச்சி. ஸ்கேனில் அடைப்பு எதுவும் இல்லை. சம்பத்தை மேலேயே பார்க்கச் சொன்னாள். கடை ஷட்டர் மாதிரி இமை இறங்கியது. காலையில் எப்படி என்று கேட்டாள்.

"எழுந்துக்கசொல்ல நல்லாத்தான் கீது டாக்டரம்மா. ஏலம் சூடு புடிச்சா இது படுத்துக்குது."

வைஷாலியின் முகம் மலர்ந்தது. நர்ஸிடம் ஐஸ் கேட்டாள். வார்டு பிரிட்ஜில் இல்லை. சம்பத் சுறாவின் தலையை ஒதுக்கிவிட்டுப் பெட்டியை நீட்டினார். ஐஸைக் கையுறையில் கட்டி இமைமேல் வைத்து, கொஞ்ச நேரம் கழித்து எடுத்தாள். கண் முழுசாகத் திறந்திருந்தது.

சுறா வாடைக்கு வாதம் பயப்படுமா என்று கன்னியம்மா கேட்டாள்.

"இது வாதமே இல்லம்மா. வாதம்னா மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சுக்கும். இங்க உடம்புக்குக் காவல் இருக்கிறவங்களே, நரம்பு தசைக்கு அனுப்புற சேதிய நடுவுல மறிச்சுக்கிறாங்க. குளிர்ச்சி பட்டா கொஞ்ச நேரம் சேதி போகும். ரத்தம் எடுத்து உறுதி பண்ணிக்கலாம். மாத்திரை இருக்கு. ஆனா வாதம்னு நெனச்சு உடனே ஓடி வந்தீங்களே, அதுதான் சரி."

சம்பத்துக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"ஏலத்துல நிக்கலாமா?"

"தாராளமா."

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. மாத்திரை பிடித்துக்கொண்ட பிறகு ஒரு காலையில் சம்பத் கரைக்கு வந்தார். ஜெசிந்தா விலையைவிட அவர் கண்ணைத்தான் அதிகம் கவனித்தாள். வஞ்சிரம் வந்தது, இமை அசையவில்லை. கொடுவா வந்தது, அசையவில்லை. இறால் வெட்கக்கேடான மலிவுக்குப் போனது, அப்போதும் அசையவில்லை. அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று புரியாமல் மற்ற வியாபாரிகளுக்கு வியர்த்தது.

"இன்னா அண்ணாத்த, ஒண்ணியும் வோணாமா?"

"வோணாம் தாயி. நீ பாட்டுக்குக் கூவிக்கினே இரு. கண்ணு தொறந்தே நிக்கசொல்ல நல்லாகீது."

கடைசிக் கூடை போகும்வரை ஒன்றும் வாங்காமல் நின்று, சிரித்தபடி வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார். அவரை நம்பியிருந்த ஓட்டல்களில் அன்று மதியம் சாம்பார்தான்.