கழற்றி வைத்த சின்ன செயின் வீல்

டோல்மின் ஊருக்கு மேலே ஒசோய்னா மேய்ச்சல்வெளி வரைக்கும் செப்டம்பரில் நடக்கிற மலைச் சைக்கிள் பந்தயம் ஜோடிப் பந்தயம். இருவரும் ஒன்றாக மேல்வாசலைக் கடக்க வேண்டும். ஒருவர் மட்டும் முன்னால் போய் நின்றால் கணக்கில் வராது. பன்னிரண்டு மணிக்கு, மேலே சீஸ் காய்ச்சுகிறவர் ஒரு மாட்டுச் சங்கிலியை வழிக்குக் குறுக்கே மாட்டிவிடுவார். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு சூப் உண்டு, பதிவு கிடையாது. பத்து முறை முடித்தவருக்குப் பெயர் பொறித்த பெரிய மாட்டு மணி தருவார்கள். கொராஸ்த் ஒன்பது முறை முடித்திருந்தான்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். களைத்துப் போனவரை ஜோடிக்காரர் ஒரு பழைய டியூபால் தன் சீட்டில் கட்டி இழுத்து வரலாம். விதியில் தடை இல்லை. ஆனால் வேலியோரம் நிற்கிற கூட்டம், இழுபட்டு வருகிறவரைப் பார்த்து, கயிற்றில் வரும் கன்றுக்குட்டி போல "ம்ம்மா" என்று கத்தும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வருகிறவருக்கும் அதே மரியாதைதான். கத்து வாங்கியவரும் சேர்ந்து சிரிப்பார். லுட்விக் மட்டும், வேறு யாராவது கத்து வாங்கும்போதே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிற ஆள்.

லுட்விக் மர ஆலையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். ஐம்பதைத் தொடப்போகிறார். கொராஸ்த் அவர் மனைவி பிரெதாவின் தம்பி. ஆகஸ்டில் கொராஸ்த்தின் வழக்கமான ஜோடிக்காரன் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டான். மறுநாளே கொராஸ்த் அக்கா வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நேராகக் கேட்டுவிட்டான்.

"மாமா, நீங்க வர்றீங்களா?"

"நானா? உனக்கு வேற ஆளே கெடைக்கலையா மாப்ளே?"

"ஓட்டறவன் நெறைய பேரு இருக்கான். பாதியில கோவிச்சுக்கிட்டுத் திரும்பாத ஆளு வேணும். வேகமெல்லாம் வேணாம் மாமா, கால கீழ வைக்காம வந்தாப் போதும். ஒங்க சைக்கிள்ல முன்னாடி ரெண்டு செயின் வீல் இருக்கில்ல, அந்தச் சின்னதுல போட்டு உருட்டிக்கிட்டே வந்தீங்கன்னா பன்னெண்டுக்கு முன்னாடி மேல நிப்போம்."

அன்று இரவு லுட்விக்குக்குச் சந்தோஷத்தில் சரியாகத் தூக்கம் வரவில்லை. இருபது வருடமாகக் குடும்பத்தில் இருக்கிறார். கொராஸ்த் அவரிடம் ஒரு உதவி என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சைக்கிள் கழகத்துக் கொட்டகையில் செய்தி பரவியது. மரலாரி ஓட்டும் வோய்கோ, லுட்விக்கின் சைக்கிளைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தான்.

"யோவ் லுட்விக்கு, பெரிய வீலுக்கு உள்ள இது என்னய்யா இன்னொண்ணு? சைக்கிளுக்கு இன்னும் பால்பல்லு விழலையா?"

கொட்டகையே சிரித்தது. லுட்விக்கும் சிரித்தார்.

"இப்பல்லாம் எல்லாரும் முன்னாடி ஒத்தச் செயின் சக்கரத்துக்கு மாறியாச்சுப்பா. கொராஸ்த்தும் ஒத்ததான். அவன் பக்கத்துல நீ இத உருட்டிக்கிட்டு நின்னா, அவன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுப்பான்?"

பால்பல் கேலியை லுட்விக் வீட்டுக்குப் போவதற்குள் மறந்திருப்பார். கடைசியாகச் சொன்னது மறக்கவில்லை.

விஷயம் தெரியாதவர் அல்ல அவர். முன்னால் ஒற்றைச் சக்கரத்தை வைத்து மேடு ஏற வேண்டுமென்றால் பின்னால் தட்டு மாதிரி அகலமான பல்சக்கரம் வேண்டும். கொராஸ்த்தின் சைக்கிளில் அது இருக்கிறது. தன்னுடைய பழைய பின்சக்கரத்தில் அது ஏறாது, சக்கரத்தையே மாற்ற வேண்டும், பந்தயத்துக்கு முன்னால் அது வந்து சேராது என்பதெல்லாம் தெரிந்துதான் இருந்தது. இருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் நிற்கும் கொட்டிலில் உட்கார்ந்து, இரண்டு செயின் வீல்களையும் கழற்றி, முப்பத்து நான்கு பல் உள்ள ஒற்றை ஒன்றைப் பூட்டினார். இருபத்திரண்டு பல் உள்ள சின்னதைத் துடைத்து ஒரு தகரப் பெட்டியில் போட்டார்.

பிரெதா துவைத்த துணியோடு வந்து நின்றாள். "எதுக்கு இதப் போயி கழட்டுறீங்க? தம்பி இத வெச்சுக்கச் சொன்னானே."

"ஒனக்கு இதுல என்ன தெரியும்?"

"சைக்கிளப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஒங்க முட்டியப் பத்தித் தெரியும்."

ஒரே ஒரு நாள் ஏறிப் பார்த்தார். காட்டுக்குள் தண்ணீர்த்தொட்டி வரைக்கும் போக முடிந்தது. தொட்டிக்கு மேலே வழி செங்குத்தாகிறது. அங்கே பெடல் நின்றுவிட்டது. அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பினார்.

பந்தயத்தன்று காலையில் கொராஸ்த் அவர் சைக்கிளைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"சின்னது எங்க மாமா?"

"கழட்டிட்டேன். இதுலயே பழகிட்டேன். மூணு தரம் மேல வரைக்கும் போயிட்டு வந்தாச்சு."

"தொட்டிக்கு மேலயுமா?"

"அட, போனேங்கிறேன்ல."

கொராஸ்த் தலையாட்டினான். மேலே எதுவும் கேட்கவில்லை. நம்பினானா, இல்லை ஆரம்பிக்கிற நேரத்தில் பேசிப் பயனில்லை என்று விட்டானா, அது லுட்விக்குக்குக் கடைசி வரை தெரியவில்லை.

கீழ்ப்பாதை முழுக்க நன்றாகத்தான் போனது. ஆற்றோரத் தார்ச்சாலையில் லுட்விக் முன்னால் போனார். கொராஸ்த் பின்னாலிருந்து, "மெதுவா மாமா, நாள் இன்னும் பாக்கி இருக்கு" என்று சிரித்தான். தொட்டியைத் தாண்டியதும் சரளைக்கல் வந்தது. ஒவ்வொரு மிதிக்கும் முழு உடம்பையும் பெடல் மேல் ஏற்றி நிறுத்த வேண்டியிருந்தது. பின்னால் இருந்த பல்சக்கரங்களில் பெரியதுக்கு, இருப்பதிலேயே லேசான கியருக்கு, ஏற்கெனவே வந்தாகிவிட்டது. இடது கட்டைவிரல் பழக்கத்தில் ஹேண்டில்பாரில் சின்னச் சக்கரத்தின் நெம்புகோலைத் தேடியது. அங்கே வெறும் குழாய்தான் இருந்தது. முன்சக்கரம் இரண்டு முறை தள்ளாடியது. லுட்விக் காலைக் கீழே வைத்துவிட்டார்.

கொராஸ்த் இடுப்பிலிருந்து டியூபை அவிழ்த்தான்.

"மாட்டிக்கலாம் மாமா."

"வேணாம். கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு ஏறிடறேன்."

"இங்க யாரும் இல்ல, காடுதான். கடசி வளைவுக்கு முன்னாடி அவுத்துடறேன். மேல ஒருத்தருக்கும் தெரியாது."

"பின்னால ஆளு வர்றாங்க. பாப்பாங்க."

வந்தார்கள். கல்லூரிப் பெண்கள் இருவர், சின்ன கியரில் கால்களை விறுவிறுவென்று சுற்றிக்கொண்டு, "வாங்க வாங்க, விடாதீங்க!" என்று உற்சாகமாகக் கத்திவிட்டுக் கடந்து போனார்கள். லுட்விக் செயினில் ஏதோ கோளாறு பார்ப்பது போலக் குனிந்துகொண்டார்.

பிறகு ஏறினார், இறங்கினார். மறுபடி ஏறினார். அப்புறம் தள்ளிக்கொண்டே நடந்தார். கொராஸ்த் கொஞ்ச தூரம் மிதித்துப் போய், ஒரு காலை ஊன்றிக் காத்து நிற்பான். அவர் நெருங்கியதும் மறுபடி போவான். டியூப் அவன் கையிலேயே இருந்தது. இரண்டாம் முறை அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன் என்று லுட்விக் நினைத்தார். தானே கேட்பதற்கு வாய் வரவில்லை.

கடைசியில், "சரி மாப்ளே, மாட்டு" என்று சொன்னபோது, கீழே ஊரில் தேவாலய மணி பன்னிரண்டு அடிக்க ஆரம்பித்திருந்தது.

கொராஸ்த் பன்னிரண்டு அடிகளையும் நின்று கேட்டு முடித்தான். டியூபைச் சுருட்டிச் சட்டைக்குப் பின்பக்கப் பையில் வைத்துக்கொண்டான்.

கடைசி வளைவில், "ஏறிக்குங்க மாமா. இங்கருந்து சமம்தான். மேல அக்கா நிப்பா" என்றான்.

லுட்விக் ஏறிக்கொண்டார். சமதளத்தில் அந்த ஒற்றைச் சக்கரம் அருமையாக ஓடியது. திரும்பிப் பார்க்காமல் மிதித்தார். புல்வெளி தெரிந்தது, வேலி தெரிந்தது, குறுக்கே மாட்டியிருந்த சங்கிலியும் தெரிந்தது. அப்போதுதான் கூட்டம் கத்த ஆரம்பித்தது.

"ம்ம்மா! ம்ம்மா!"

ரத்தம் முகத்துக்கு ஏறியது. ஆனால் யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அவருக்குப் பின்னால் இருந்தது. திரும்பினார். கொராஸ்த் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து நடந்து வந்துகொண்டிருந்தான்.

"டேய் கொராஸ்த், கன்னுக்குட்டி! புல்லு வேணுமாடா?"

"தொட பிடிச்சுக்கிச்சுப்பா" என்று அவன் சிரித்தான். "மாமா எவ்வளவோ நேரம் எனக்காக நின்னு பாத்தாரு."

லுட்விக் வாயைத் திறந்தார். யாரோ அவர் முதுகில் ஓங்கித் தட்டினார்கள். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

சூப் மேசையில் வோய்கோ அவர் தோளில் கை போட்டு உட்கார்ந்தான். "பாத்தீங்களா, நம்ம லுட்விக்கு வளைவுல எப்படி வந்தான்னு! சொன்னேனா இல்லையா? ஒத்தச் சக்கரம்டா! பாவம், கொராஸ்த்துக்குத்தான் மாட்டு மணி போச்சு. வயசாகுதுல்ல அவனுக்கும்." மறுபடி சிரிப்பு. கொராஸ்த் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பிரெதா தம்பியின் காலைப் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே, முனை முழுக்கச் சரளைத்தூள் அப்பியிருந்த தன் கணவரின் காலணிகளைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அவருக்கு இன்னொரு கரண்டி சூப் வாங்கி வந்து வைத்தாள். அதற்குப் பதில் அவள் திட்டியிருந்தாலே அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் மிலோய்கா மேசைக்கு வந்தார். ஊர் மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வசந்தத்தில் முட்டியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பந்தயத்துக்கெல்லாம் வருகிறவர் இல்லை. வாரம் ஒரு தரம் சீஸ் வாங்கத் தன் பழைய சைக்கிளில் மெதுவாக இந்த மேட்டை ஏறி வருவார். அன்றும் அப்படி வந்து வேலியோரம் நின்றிருந்தார்.

"லுட்விக் தம்பி, ஒண்ணு கேக்கணும். என்னுதுலயும் முன்னாடி ரெண்டு இருக்கு. சனிக்கிழம அந்தச் சின்னதக் கழட்டிடறேன்னு வோய்கோ சொல்லியிருக்காரு. எனக்குக் கொஞ்சம் பயமா இருந்துச்சு. இன்னிக்கு நீங்க வந்ததப் பாத்தப்புறம் தைரியமா இருக்கு. கழட்டிடலாம்தானே?"

லுட்விக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"கழட்டாதீங்க."

"என்னப்பா?" என்றான் வோய்கோ.

"கழட்டாதீங்கக்கா. நான் ஓட்டிக்கிட்டு வரல. தொட்டிக்கு மேல பூரா நடந்துதான் வந்தேன். கடசி வளைவுல ஏறிக்கிட்டேன். இவனுக்குத் தொடையும் பிடிக்கல, ஒண்ணும் பிடிக்கல. இழுத்துட்டுப் போறேன்னான். நீங்கல்லாம் கத்துவீங்கன்னு நான்தான் வேணாம்னேன்."

வோய்கோவின் கை அவர் தோளிலிருந்து மெதுவாக இறங்கி, ரொட்டிக் கூடையைத் தேடிப் போனது. ஒருவராவது "ம்ம்மா" என்று கத்தினால் தேவலை என்றிருந்தது லுட்விக்குக்கு. யாரும் கத்தவில்லை. எல்லாரும் சூப்பைப் பார்த்தார்கள்.

கொராஸ்த்தின் முகம் சிவந்துவிட்டது. "இப்ப யாரு மாமா ஒங்கள இதக் கேட்டா?" என்றான் மெல்லிய குரலில். "வேலி நெடுக நொண்டிக்கிட்டு வந்தேனே. இப்ப நான் பொய்க்காரன்."

"மாப்ளே..."

"காலைல கேட்டேன்ல. தொட்டிக்கு மேலயுமான்னு. அப்ப சொல்லியிருக்கலாம்ல?"

அவன் எழுந்து சைக்கிள்கள் சாய்த்து வைத்திருந்த பக்கம் நடந்தான். நொண்டவில்லை. கூட்டம் முழுவதும் அவன் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மிலோய்கா இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தன் கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது.

"அப்ப நான் ரெண்டையுமே வெச்சுக்கட்டுமா தம்பி?"

"வெச்சுக்குங்க" என்றார் லுட்விக், அவர் முகத்தைப் பார்க்காமல்.