ஏரிக்கு முதுகு காட்டிய கூடாரம்

அன்று காலையிலிருந்தே ஷாமினிக்குக் கால் தரையில் பாவவில்லை. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கட்டட வரைவு அலுவலகத்தில் நான்கு வருடமாக மற்றவர்களின் படங்களில் கழிவறைக்கு அளவு போட்டுக்கொண்டிருந்தவள் அவள். முதன்முதலாக அவள் பெயரில் ஒரு வேலை வந்திருந்தது. கிள்ளானில் ஓர் ஏரிப் பூங்கா, அதில் மூன்று சிறு மண்டபங்கள். நடக்க வருகிறவர்கள் உட்காரவும் மழைக்கு ஒதுங்கவும்தான். ஊருக்கு அது சின்ன வேலை, அவளுக்கோ ராஜகோபுரம்.

ஆனால் பூங்கா அதிகாரி ரிஹானா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் புரியல லா. நேர்ல காட்டுங்க. இல்லன்னா கேட்லாக்ல இருக்கற சிவப்பு ஓடு மண்டபத்தையே வெச்சிடலாம்" என்று சொல்லியிருந்தார்.

அந்தச் சிவப்பு ஓட்டை நினைத்தாலே ஷாமினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூங்குமூஞ்சி மரங்கள் குடை பிடிக்கும் அந்தப் பச்சைக் கரையில் அதை வைப்பதும் ஒன்று, சந்தன நெற்றியில் சாயம் பூசுவதும் ஒன்று. அதனால் காப்பாரிலிருந்து கூடாரக்காரர் நாகையாவைப் பிடித்தாள். கல்யாணமோ கருமாதியோ, வட்டாரத்தில் எந்த வீட்டு வாசலிலும் அவர் கூடாரம்தான். கம்பையும் கேன்வாசையும் வைத்து, மண்டபத்தை அதே அளவில் ஒரு மாலைக்கு மட்டும் நிறுத்திக் காட்டுவது அவள் திட்டம். பாதைப் பக்கம் கூரை தாழ்வு, ஏரிப் பக்கம் உயரம் என்று வரைந்தும் கொடுத்தாள். நாகையா அதைக் கல்யாணப் பத்திரிகை போல ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

நெரிசலில் மாட்டி அவள் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தே முக்கால். ஆறுக்கு ரிஹானா வருவார். கூடாரம் நின்றது, ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"அண்ணே, என்ன இது? வாய் ஏரிப் பக்கம்னு வரஞ்சு குடுத்தேன்ல?"

"வாசல் ரோட்டப் பாத்துதானே வைக்கணும் மிஸ்? ஆளுங்க அங்கேருந்துதான வருவாங்க. ஏரியிலேருந்து யாரு வரப்போறா, முதலையா?"

இருபது வருடப் பழக்கம். அந்தக் கை வேறு விதமாகக் கட்டாது. போதாக்குறைக்கு, நடந்து வந்த ஓர் ஆன்டி நின்று, "யாரும்மா தவறிட்டாங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"யாரும் இல்ல ஆன்டி. அண்ணே, பிரிச்சுத் திருப்ப எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரம்."

ரிஹானாவின் கார் உள்ளே நுழைந்தது. கூடவே, ஏரியின் அக்கரையிலிருந்து மழையும் வந்தது.

சாய்வாக, காற்றோடு, அப்படி ஒரு மழை. பாதையில் இருந்தவர்கள் எல்லாம் கூடாரத்துக்குள் ஓடி வந்தார்கள், கோப்பைத் தலையில் பிடித்தபடி ரிஹானாவும். ஷாமினி அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். மழை ஏரிப் பக்கம் தாழ்ந்திருந்த கேன்வாசில் மோதி, வழிந்து, சரிவில் ஓடியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. தான் வரைந்தபடி கட்டியிருந்தால் இந்நேரம் அத்தனை பேரும் நனைந்த கோழிதான்.

உட்கார நாகையா போட்டிருந்த நீளப் பலகையில் அவள் தொப்பென்று உட்கார்ந்தாள். தாழ்ந்த கூரையின் அடியில் தண்ணீர் மட்டும் தெரிந்தது. அக்கரை அடுக்குமாடிகளைக் கூரை மறைத்துவிட்டது. கரை எப்படி இறங்கியதோ அப்படியே கூரையும் இறங்கி ஏரியோடு சேர்ந்துகொண்டது. மூன்று மாதமாக அவள் தேடியது இதைத்தான். 

"நல்லா யோசிச்சிருக்கீங்க" என்றார் ரிஹானா.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வேலை கைக்கு வந்துவிடும். ஷாமினியால் முடியவில்லை.

"நான் யோசிக்கல மேடம். நான் தலைகீழா வரஞ்சிருந்தேன். நாகையா அண்ணே பழக்கத்துல மாத்திக் கட்டிட்டாரு. அதான் சரி."

"அப்ப நீங்க குடுத்த படம் தப்பு."

"தப்புதான். நாளைக்கே வேற வரஞ்சு தரேன்."

ரிஹானா கோப்பைத் திறந்து எதையோ புரட்டினார்.  அவசரப்பட்டுவிட்டோமோ என்று ஷாமினி தன்னையே திட்டிக்கொண்டாள்.

மழை விட்டது. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று. பலகையிலிருந்து ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"எல்லாரும் கொஞ்சம் எழுந்திருச்சா நல்லாருக்கும். காப்பார்ல கல்யாணம், பிரிக்கணும்" என்றார் நாகையா.

"பிரிக்கறதா? இப்பதான உக்காந்தோம்" என்றார் சாவு விசாரித்த ஆன்டி.

ரிஹானா கோப்பிலிருந்து சிவப்பு ஓட்டுப் படத்தை எடுத்து, நனைந்து வந்தவர்கள் ஈரமாக்கிய பலகையை அதாலேயே துடைத்துவிட்டு ஆன்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது போகட்டும் ஆன்டி, நெசமானது வரும். எப்பன்னு இவங்களக் கேளுங்க."

ஆன்டி ஷாமினியைத் திரும்பிப் பார்த்தார். ஷாமினி நாகையாவிடமிருந்து தன் பழைய படத்தை வாங்கி, அதன் பின்பக்கத்தில் கூரையைத் திருப்பி வரையத் தொடங்கியிருந்தாள்.