மஞ்சள் பட்டை ஒட்டிய ஆறு தொட்டிகள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்று என் மனைவி எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். வரத்தான் செய்யும். பதினெட்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவன் நான். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உள்ள பொத்தான்களைச் சேர்த்து அமுக்கிவிட்டு, "லிஃப்ட் குழம்பிப் போச்சு, உடனே வாங்க" என்று கூப்பிடுகிற ஜனங்களோடு குப்பை கொட்டுகிறவனுக்குச் சாந்தம் எங்கிருந்து வரும்? ஆனால் நான் சொல்லப்போகிற தப்பு கோபத்தில் செய்தது இல்லை, பாசத்தில் செய்தது. அதுதான் இன்னும் ஆறவில்லை.

என் மனைவி பிஸ்கட் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தாள். ஒரு தட்டைப் பார்த்தாலே எந்த பிஸ்கட் நூலளவு தடிமன் கூடியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். போன வருடம் தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். நாலு மாதம் வீட்டில் பேச்சே கிடையாது. ஒருநாள், "இனிமே நான் எதுல கை வச்சாலும் விளங்காது" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் குடியிருப்புக்குப் பசுமைப் பைத்தியம் பிடித்தது. சங்கச் செயலாளரை நாங்கள் 'சுற்றறிக்கை' என்போம். காகிதத்தை வீணாக்காதீர்கள் என்று நாற்பத்தெட்டு வீட்டுக்கும் வழவழப்பான தாளில், கலரில் அச்சடித்துக் கொடுத்த மகான். மூன்றாம் மாடியில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தருகிற 'மூச்சு டீச்சர்', ஒரு கட்டு இயற்கைக் கீரை வாங்க ஏசி போட்ட காரில் நாற்பது கிலோமீட்டர் போய்வருவார். வந்ததும் பூமிக்காக வருத்தப்படுவார்.

என் மனைவிக்கு இந்த வேஷமெல்லாம் தெரியாது. மொட்டை மாடியில் பன்னிரண்டு தொட்டி வைத்துக் கத்தரி நட்டாள். பழத்தோல், சர்க்கரை, புளித்த தயிர் மூன்றையும் ஒரு டிரம்மில் ஊறப்போட்டு இயற்கை உரமாகக் கரைசல் செய்தாள். அந்த வாடைக்கு மாடிப்பக்கம் காக்காகூட வரவில்லை. தொழிற்சாலையில் எழுதுகிற மாதிரியே நோட்டுப் போட்டு இலை, பூ, உயரம் எல்லாம் எழுதினாள்.

இரண்டு மாதம் ஆயிற்று. செடிகள் வெளுத்தன, பூ பூத்துப் பூத்துக் கொட்டியது. தினமும் காலையில் மேலே போவாள், முகம் தொங்கிப்போய் இறங்கி வருவாள். எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? எங்கள் குடியிருப்பு லிஃப்ட்டும் என் பொறுப்புதான்; அதன் மோட்டார் அறை மாடியில், சாவி என்னிடம். உரக்கடைக்காரரிடம் கேட்டு ஒரு கிலோ ரசாயன உரம் வாங்கினேன். கிரீஸ் டப்பாவில் ஒளித்து வைத்தேன். வாரம் ஒருமுறை அவள் குளிக்கிற நேரத்தில் மேலே போய்த் தொட்டிக்கு ஒரு கரண்டி போட்டேன். ஆறு தொட்டியில் மஞ்சள் பட்டை ஒட்டியிருந்தாள். அழகுக்கு என்று நினைத்தேன். ஓரவஞ்சனை வேண்டாமே என்று பன்னிரண்டுக்கும் ஒரே அளவு போட்டேன்.

ஐயையோ, அதன் பிறகு செடிகள் காய்த்த காய்ப்பு! கிளை தாங்கவில்லை. சுற்றறிக்கை உடனே ஒரு சுற்றறிக்கை விட்டார். வீட்டுக்கு வீடு பாட்டிலோடு வந்து, "அக்கா, கொஞ்சம் கரைசல்" என்று நின்றார்கள். அவள் சமையலறையில் பாட ஆரம்பித்தாள். சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது. எனக்கோ கேட்கக் கேட்கக் கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் பாராட்டுக் கூட்டம் என்று முடிவாயிற்று. சனிக்கிழமை மத்தியானம் அவள் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"கரைசல் ஊத்தின ஆறு தொட்டியில நாப்பத்தோரு காய். ஊத்தாத ஆறுல நாப்பத்திரெண்டு."

"ஊத்தாததுன்னா?"

"மஞ்சள் பட்டை ஒட்டினது. அதுக்கு வெறும் தண்ணிதான். அப்பதானே கரைசல் வேலை செய்யுதான்னு தெரியும்? செய்யலைங்க. ஊரெல்லாம் பாட்டில்ல நாத்தத்தை அடைச்சுக் குடுத்திருக்கேன். நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிடப் போறேன். இதோட தோட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

சொல்ல வாயெடுத்தேன். எதிரே வருகிறவனையெல்லாம் எடுத்தெறிந்து பேசுகிற இந்த வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

மறுநாள் மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி, பிளாஸ்டிக் கோப்பை, பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று பிளாஸ்டிக் பேனர். சுற்றறிக்கை இருபது நிமிடம் பேசி மைக்கைக் கொடுத்தார். என் மனைவி நோட்டைப் பிரித்தாள். "என் கரைசல்ல ஒண்ணுமில்லை. எல்லாரும் என்னை மன்னிக்கணும்" என்றாள்.

அதற்குமேல் உட்கார்ந்திருந்தால் நான் மனுஷனே இல்லை. எழுந்தேன்.

"அவ மேல தப்பில்லை. பன்னெண்டு தொட்டிக்கும் நான்தான் திருட்டுத்தனமா உரம் போட்டேன். ரசாயன உரம்."

முதலில் வாய் திறந்தவர் மூச்சு டீச்சர். "அதான் அந்தக் காய்ல ஒரு கெட்ட அதிர்வு இருந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும்" என்றார். மூன்று கிலோ வாங்கிச் சாப்பிட்டவர். சுற்றறிக்கை, "இது கூட்டக் குறிப்புல வர வேண்டாம்" என்று மைக்கை அணைத்தார். படியிறங்கும்போது நாலு பேர் தனித்தனியாக என் தோளில் கை போட்டு, "சார், அந்த உரம் எந்தக் கடையில கிடைக்கும்?" என்று காதைக் கடித்தார்கள். நாலாவது ஆள் சுற்றறிக்கை.

அவள் கீழே இறங்கவில்லை. திரும்பிப் போனேன். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே கோடு கிழித்துக்கொண்டிருந்தாள்.

"நீ தோத்துடக் கூடாதுன்னுதாம்மா செஞ்சேன்" என்றேன்.

"இப்ப என் கரைசல் வேலை செய்யுதா இல்லையா, சொல்லுங்க."

"தெரியலையே."

"எனக்கும் தெரியலை. ஆறு மாசம் போச்சு." கோடு கிழிப்பதை நிறுத்தினாள். "செடி செத்தா சாகட்டும்னு விட்டிருக்கலாமே. நான் ரெண்டு நாள் அழுதிருப்பேன். அப்புறம் எங்க தப்புன்னு பார்த்து, வேற மாதிரி நட்டிருப்பேன். பதினாறு வருஷம் அதைத்தானே வேலையா செஞ்சேன்? நான் எந்திரிச்சு நிக்க மாட்டேன்னு நீங்களும் முடிவு பண்ணிட்டீங்க."

இல்லை என்று சொல்ல வந்தேன். சொன்னால் அது பொய். நான் அப்படித்தான் முடிவு பண்ணியிருந்தேன்.

அவள் எழுந்து ஒவ்வொரு செடியாகப் பிடுங்க ஆரம்பித்தாள். காயோடு, வேரோடு. உதவிக்குக் குனிந்தேன்.

"நீங்க தொட வேண்டாம்" என்றாள். "இனிமே மாடியில வேலை இருந்தா, என்னைக் கேட்டுட்டு வாங்க."

"சரிம்மா" என்று கீழே இறங்கினேன்.