வெட்டிய வரி

மென்பொருள் அலுவலகத்தில் அவளுக்குச் ‘சிக்கனம்’ என்று பெயர். கோப்பில் ஒரு வரி கூடுதலாகக் கண்டால் போதும், கை துறுதுறுக்கும். ஆஸ்பத்திரிப் பதிவுகளைப் பழைய கணினியிலிருந்து புதியதற்குக் கொண்டுபோகும் கோப்பில், நோயாளிக்கு நோயாளி வந்துகொண்டிருந்த ‘வகை’ என்ற வரியைப் போன வாரம் வெட்டி எறிந்தாள். கோப்பு இளைத்தது. மேலாளர் பாராட்டினார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று காலை அதே ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்கு அக்கா மகளைப் பார்க்க வந்திருந்தாள். நான்கு வயது, விடாத காய்ச்சல். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய, கணினி அச்சிட்ட அட்டையை எடுத்தாள். தொழில் புத்தி சும்மா இருக்குமா? பெயர், வயது, எடை எல்லாம் சரி. மருந்தளவு மட்டும் பெரியவர்களுக்கானது.

போன வாரம் வெட்டிய வரி நினைவுக்கு வந்தது. கணினிக்கு ‘நோயாளி’ தாய் வகை. ‘குழந்தை நோயாளி’ அதன் வாரிசு. பெயரும் எடையும் தாயிடமிருந்து வரும். குறைந்த மருந்தளவோ வாரிசுக்கே உரியது. யார் வாரிசு என்று சொல்ல இருந்தது அந்த ஒரு வரிதான். அது இல்லாத கோப்பைப் படித்த புதுக் கணினி, எல்லாரையும் வெறும் நோயாளி என்றே எடுத்துக்கொண்டது. வயதுதான் இருக்கிறதே, வகை எதற்கு என்று நினைத்தாளே மகராசி! வயதைப் பார்த்து முடிவெடுக்க அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

நர்ஸ் மருந்துத் தட்டோடு வந்தார்.

“சிஸ்டர், போடாதீங்க. அளவு தப்பு.”

“எனக்கும் உறுத்துச்சும்மா. டாக்டர்கிட்ட கேட்டேன். புது கம்ப்யூட்டர், தப்பு பண்ணாதுன்னுட்டார்.”

“கம்ப்யூட்டர் பண்ணல. நான் பண்ணினேன். கோப்பு எழுதினது நான்தான்.”

கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்கா, மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்தார்.

“இவளுக்கு மட்டும்தானா?”

அவள் அட்டையைக் கட்டிலில் வைத்தாள்.

“எல்லாக் குழந்தைக்கும். புதுசுக்கு எப்ப மாத்தினாங்க?”

“இன்னைக்குக் காலையில. இதுதான் அதுல முதல் மருந்து.”

அப்பாடா என்று வந்த மூச்சு பாதியிலேயே நின்றது. நர்ஸின் தட்டில் காலி ஊசிகள் கிடந்தன.

“முதல் மருந்துன்னா?”

“முதல் ரவுண்டும்மா. வாசல் பக்கத்துல இருந்து வரிசையா போட்டுட்டு வரேன்,” என்றார் நர்ஸ். “இது ஒன்பதாவது கட்டில்.”

அவள் திரும்பி வாசல் பக்கம் பார்த்தாள். எட்டுக் குழந்தைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.