உப்புத் தண்ணீரில் பத்து நாள்

பிளேட்டிங் பிரிவின் ஜன்னலோரம் மூன்று கண்ணாடி டம்ளர்களில் உப்புத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பிரிங். கறுப்புப் பெயின்ட் அடித்தது இரண்டாம் நாளே துருவைக் கக்கிவிட்டது. மிச்சம் இரண்டு. ஒன்று ஸ்டெயின்லெஸ் கம்பியில் சுற்றியது. மற்றது சாதாரணக் கம்பியில் சுற்றித் துத்தநாக முலாம் பூசியது. பூசியவர், எல்லோரும் தொட்டி அண்ணன் என்று கூப்பிடும் ஆள். பத்து நாளில் அதில் சிவப்புத் துரு வந்தால், விலை கூடினாலும் இனி ஸ்டெயின்லெஸ்தான், முலாம் பூசும் தொட்டிகளுக்கு மூடுவிழா என்று மேனேஜர் சொல்லியிருந்தார். தொட்டிகளை நம்பி ஆறு பேர் இருந்தார்கள்.

முலாம் போட்ட கையோடு தொட்டி அண்ணன் அதை அடுப்பில் வைத்து நான்கு மணி நேரம் பக்கத்திலேயே நின்றிருந்தார். சூடு காட்டாமல் விட்டால் அழுத்தும்போது என்றாவது பட்டென்று முறியும். மாப்பிள்ளைக்குக்கூட இந்த உபசாரம் கிடையாது என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள்.

பேக்கிங்கில் வேலை செய்யும் அவர் மனைவி சாப்பாட்டு நேரத்தில் டம்ளர்களை எட்டிப் பார்த்தாள்.

“துரு பிடிச்சாத் தேவலைங்க.”

“நல்லா இருக்கு உன் வேண்டுதல்!”

“நேத்து பால் கருகி வீடே நாறுது, நீங்க அடுப்புப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்கிறீங்க. தொட்டிப் புகையில மூக்குதான் போச்சு. மிச்சத்தையாவது காப்பாத்திக்குங்க.”

“இந்த வயசுல என்னை வேற யாரு சேர்ப்பா?”

அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பேக்கிங்குக்குத் திரும்பினாள்.

பத்தாம் நாள் மேனேஜர் லென்ஸோடு வந்தார். தொட்டி அண்ணன் டம்ளருக்குள் விரல்களை விட்டு முலாம் பூசிய ஸ்பிரிங்கை எடுத்தார். அமிலம் தின்ற விரல்கள், கணுவுக்குக் கணு வெடிப்பு. கதவருகே நின்ற மனைவிக்குப் பார்க்கவே பல் கூசியது.

“எரியலையா?” என்று கேட்டாள்.

“எது?” என்றார் அவர்.

மேனேஜர் ஸ்பிரிங்கை வாங்கி அழுத்தி விட்டார். லென்ஸை வைத்துச் சுற்றுச் சுற்றாகப் பார்த்தவர், ஓரிடத்தில் உதட்டைப் பிதுக்கினார்.

“போச்சுண்ணே. சிவப்பு.”

தொட்டி அண்ணன் ஸ்பிரிங்கைப் பிடுங்கிச் சட்டையில் தேய்த்தார். சிவப்பு போய், அடியில் முலாம் பளிச்சென்று இருந்தது.

“துரு இல்ல சார், ரத்தம்தான்!”

“அப்பாடா! பயந்தே போயிட்டேன். தொட்டி ஓடட்டும், நாளையிலேருந்து ரெண்டு ஷிப்ட்.”

மேனேஜர் சுவரிலிருந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்தார். பஞ்சு எடுத்து, ஸ்பிரிங்கைப் பத்திரமாகச் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.