தொட்டு வைத்த கடன்

இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். சுடலைக்கண்ணன் பேரில் நின்ற பாக்கி அது. நோட்டீஸில் எண்ணால் ஒரு தரமும் எழுத்தால் ஒரு தரமும் போட்டிருந்தார்கள். அவர் எண்ணை மட்டும் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

வேலை, தாராவியில் முகம்மது ஹனீப் பாய் கொட்டகையில். பழைய எண்ணெய் டின்களைக் கொதிதண்ணீரில் அலசி, ஒடுக்கு நிமிர்த்தி, மறுபடி விற்பனைக்கு அடுக்கவேண்டும். நடுவில் கொஞ்சநாள் தவிர இருபத்தாறு வருஷமாக அதே வெந்நீர்த் தொட்டி. எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவன் டின்னை அலசுவது என்று ஒரு காலத்தில் அவருக்கும் தோன்றியது. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கிப் பழைய மூன்று சக்கர டெம்போ ஒன்று எடுத்தார். பதினாலு மாதம் ஓடியது. அப்புறம் கொரோனா வந்து ஊரை அடைத்தார்கள். தவணை நின்றது. கம்பெனிக்காரன் ஒருநாள் வந்து டெம்போவை இழுத்துக்கொண்டு போய் யாருக்கோ விற்றும்விட்டான். வண்டி போயிற்று, கடனும் போயிற்று என்று இவர் நினைத்துக்கொண்டார். மாட்டைப் பிடித்துக்கொண்டு போனவன் கயிற்றுக்கும் காசு கேட்பான் என்று அவருக்குத் தெரியாது. நாலு மாதம் கழித்து, விற்ற காசு போக மிச்சக் கணக்கு வந்தது. அதற்குமேல் வட்டி ஏறியது.

முதல் வருஷம் போன் அடித்தால் எடுக்கவே பயப்படுவார். இரண்டாம் வருஷம் வசூல்காரன் ஏசினால் கோபம் வரும். அப்புறம் ஒன்றுமில்லை. வெந்நீரில் கிடந்து கிடந்து கைத்தோல் சூடு அறியாமல் போனதுபோல உள்ளேயும் ஏதோ மரத்துவிட்டது. அவன் ஏசி முடிக்கிறவரை போனைக் காதில் வைத்திருப்பார். முடித்ததும் ‘சரி’ என்பார்.

அவர் அப்படியே இருந்திருப்பார். ஆனால் வசூல்காரன் அவர் மகளிடம் போய்விட்டான். மாரீஸ்வரி மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் மேஜையில் இருந்தாள். சேர்ந்து ஏழு மாதம். கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நோயாளிகளுக்கு நடுவே நின்று, ‘உங்க அப்பா கடனை நீ கட்டுவியா, இல்ல டாக்டர் கட்டுவாரா’ என்று இந்தியில் கேட்டானாம். இன்னொரு தரம் இப்படி நடந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, “எப்பா, நாளைக்கு அரைநாள் லீவு போடுங்க. வக்கீல்ட்ட போறோம்” என்றாள்.

“வக்கீலுக்குத் துட்டுக்கு எங்க போறது?”

“துட்டு வாங்காத வக்கீல்.”

கோர்ட்டுக் கட்டடத்தில் இலவசச் சட்ட உதவிக்கென்று ஓர் அறை இருந்தது. வருமானச் சான்று காட்டினால் சர்க்காரே வக்கீல் வைத்துக் கொடுக்குமாம். அன்றைக்கு அங்கே இருந்த வக்கீல் ஃபர்ஸானா. தென்காசிப் பக்கத்துக் குடும்பம், வளர்ந்தது குர்லாவில். எல்லாக் காகிதத்தையும் ஒருமுறை புரட்டிவிட்டு, ஊர்ப் பேச்சிலேயே கேட்டாள். சொந்த வீடு உண்டா? இல்லை, வாடகை. நகை? இல்லை. நிலம்? ஊரில் இருந்த அரைப் பங்கையும் தம்பிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.

திவால் மனு என்று ஒன்று இருக்கிறது என்றாள். பம்பாய்க்காரர்கள் ஹைகோர்ட்டில்தான் போடவேண்டும். கட்ட வழியில்லை என்று கோர்ட் ஒத்துக்கொண்டால், இருப்பதையெல்லாம் கோர்ட் அதிகாரி எடுத்துக் கடன்காரர்களுக்குப் பங்கு வைப்பார். பிறகு விடுதலை கிடைக்கும். ஆனால் வருஷக்கணக்கில் நடக்கவேண்டும்.

“மஞ்சக் கடுதாசியா” என்றார் சுடலைக்கண்ணன். அதைச் சொன்னபோதும் அவர் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை.

“அது உங்க தாத்தா காலம், அண்ணாச்சி. இப்ப எல்லாம் வெள்ளப் பேப்பர்தான்.”

அப்புறம் அவள் தேதிகளைக் கூட்டிப் பார்த்தாள். கடைசித் தவணைக்குப் பிறகு மூன்று வருஷம் பணமும் கட்டாமல், கடன் உண்டென்று எழுதியும் கொடுக்காமல் இருந்திருந்தால் கம்பெனி இனிமேல் கேஸ் போட முடியாது என்றாள். கொரோனாவுக்காகக் கோர்ட் கணக்கில் சேர்க்காமல் விட்ட நாட்களைக் கழித்தாலும் போன வருஷமே கெடு முடிந்திருக்கும். மாரீஸ்வரி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

சுடலைக்கண்ணன் கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். தன் பக்கத்துக்கு நல்ல சாட்சி என்று நினைத்துத்தான் வைத்தார். உள்ளே பேங்க் சலான்கள். வருஷத்துக்கு ஒன்று, ஐந்நூறு ஐந்நூறாக ஐந்து.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. அம்மன் கொடை விழாவுக்குக் காப்புக் கட்டுமுன் கடனைத் தொட்டுவிடவேண்டும். முழுசும் அடைக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. கொடுக்கவேண்டியவனுக்குக் கொஞ்சமாவது கொடுத்துவிட்டுத்தான் கையில் மஞ்சள் கயிறு ஏறலாம். தீண்டாத கடனோடு அம்மன் முன்னால் நிற்கக்கூடாது. பெண்சாதி முப்பிடாதியம்மாள் வருஷம் தவறாமல் அதை நினைவுபடுத்துவாள், இவரும் கம்பெனிக் கணக்கில் ஐந்நூறு கட்டிவிட்டு வருவார்.

ஃபர்ஸானா ஐந்தையும் வரிசையாகப் பரப்பினாள். “இத நிரப்புனது யாரு?”

“நான்தான். நாப்பது வயசுக்கு மேல சங்கத்து ராத்திரி வகுப்புல எழுதப் படிச்சேன்மா. கையெழுத்தும் நானே.”

அவள் ஒவ்வொரு சலானிலும் தேதியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். கெடு முடியுமுன் கடனாளி தன் கையால் எழுதி ஒரு ரூபாய் கட்டினாலும் மூன்று வருஷம் மறுபடி முதலிலிருந்து ஓடும். அசல் சலான் பேங்கில் இருக்கும், கம்பெனிக்கும் தெரிந்திருக்கும்.

“ஒவ்வொரு வருஷமும் நீங்களே அதுக்குத் தண்ணி ஊத்தியிருக்கீங்க, அண்ணாச்சி.”

சுடலைக்கண்ணன் “சரி” என்றார். வசூல்காரனிடம் சொல்லுகிற அதே சரி. மாரீஸ்வரிக்குத்தான் மூக்கு நுனி சிவந்தது. தப்பு உங்கள்மேல் இல்லை, ஆனால் சட்டம் அப்படி, என்று ஃபர்ஸானா சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. டெம்போவை விற்குமுன் உங்களுக்கு நோட்டீஸ் வந்ததா என்று அவள் இரண்டு தரம் கேட்கவேண்டியிருந்தது. வரவில்லை என்றார். சொல்லாமல் விற்றது கம்பெனியின் தப்பு என்று அவள் அதைக் குறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு ஆள் போனதைப் பற்றியும் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினாள்.

லோக் அதாலத்துக்கு நாள் குறித்தார்கள். கேஸ் என்று ஆகுமுன்பே இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசித் தீர்க்கிற இடம். நடுவில் ரிட்டையர் ஆன ஜட்ஜ் ஒருவர். கம்பெனிக்காக வந்தவன் நாகராஜ். செம்பூர் கிளை மேனேஜர், தமிழன். ஜட்ஜிடம் இந்தியில் பேசிவிட்டு, இவரிடம் தமிழில் திரும்பினான்.

“அஞ்சு வருஷமும் நீங்களா வந்து கட்டியிருக்கீங்க. கட்டுற மனசு இருந்தா பணமும் இருக்கும்லா, அண்ணாச்சி? ஒரு லட்சத்தி இருபதுல முடிச்சிக்கிடுவோம்.”

“ஐந்நூறு கட்டுனவருகிட்ட லட்சம் இருக்கும்னு எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?” என்றாள் ஃபர்ஸானா.

டெம்போவை விற்குமுன் நோட்டீஸ் அனுப்பிய ரசீதைக் காட்டுங்கள் என்றாள். நாகராஜ் ஃபைலைப் புரட்டினான். மறுபடி புரட்டினான். இங்கே முடியாவிட்டால் நாளைக்கே திவால் மனு போடுவோம், இவரிடம் எடுத்துக்கொள்ள இரண்டு பாயும் ஒரு மிக்சியும்தான் உண்டு, உங்களுக்கு மிக்சியா பாயா என்று முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்று ஜட்ஜுக்கும் கேட்கும்படி சொன்னாள். ஜட்ஜ் மீசைக்குள் சிரித்தார். நாகராஜ் வெளியே போய்ப் போனில் பேசிவிட்டு வந்தான். எண்பது என்றான், அறுபது என்றான். கடைசியில் முப்பத்தெட்டாயிரம், நாலு தவணை. ஒன்று தவறினாலும் பழைய தொகை முழுசும் திரும்ப வரும்.

கட்ட முடியுமா என்று ஜட்ஜ் கேட்டார். ஃபர்ஸானா தமிழில் சொன்னாள். சுடலைக்கண்ணன் தொட்டிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமையும் நின்றால் எவ்வளவு வரும் என்று விரலை மடக்கினார். கம்பெனி ஆளைப் பார்த்து ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அவராக ஒரு கேள்வி கேட்டார்.

“இதுக்கப்புறம் பிள்ள வேலைக்குப் போற எடத்துக்கு எவனும் போகமாட்டாம்லா?”

அதையும் தீர்ப்பில் எழுதச் சொன்னார் ஜட்ஜ்.

“அப்பம் கட்டுதேன்” என்றார் சுடலைக்கண்ணன்.

நாலு மாதம் ஞாயிறு இல்லை. ஹனீப் பாய் முன்பணம் தரட்டுமா என்று கேட்டதற்கு, கடன் வேண்டாம் பாய், டின் கொடுங்கள் என்றார். மகள் சம்பளத்தை நீட்டியபோது கையை எடுத்து அவள் மடியிலேயே வைத்தார். மூன்றாம் தவணைக்கு ஆயிரத்து நானூறு குறைந்தது. முப்பிடாதியம்மாள் எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்தாள். எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு யாரும் போகவில்லை. நாலாவது தவணையும் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேர்ந்தது.

மூன்று வாரம் கழித்துக் கம்பெனிக் கடிதத்தை வாங்க அப்பாவும் மகளும் அதே அறைக்குப் போனார்கள். ஃபர்ஸானா வாசித்துக் காட்டினாள். மிச்சத்தைக் கம்பெனி தள்ளுபடி செய்துவிட்டது. பாக்கித் தொகை: பூஜ்யம். கடன் பதிவேட்டில் ‘முழுசும் கட்டினார்’ என்று வராது, ‘பேசி முடித்தார்’ என்றுதான் வரும். சில வருஷத்துக்கு யாரும் கடன் தரமாட்டார்கள் என்றாள்.

“நல்லதாப் போச்சு” என்றார்.

சந்தோஷம் வரும் என்று மாரீஸ்வரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் வரட்டும் என்று கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் வரவில்லை. கடிதம் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டார். ஃபர்ஸானா அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவர் எழுந்து நாற்காலியைக் காலியாக்கிக் கொடுத்தார்.